முத்திரை உடையாத பால்

திங்கட்கிழமை விடியலில் கிளாஸ்கோவுக்கு ரயிலேறிய ஐந்து பால் கேன்களும் செவ்வாய் மதியம் வின்பிரே பண்ணைக்குத் திரும்பி வந்தன. கேன்கள் திரும்புவதில் புதுமை இல்லை. தினமும் காலியாக, ஒன்றை ஒன்று இடித்துத் தகரக் கச்சேரி நடத்திக்கொண்டுதான் வரும். அன்று ஒரு சத்தமும் இல்லை. தாம் மெக்ரிண்டிலின் குதிரை மட்டும் மேட்டில் மூச்சிரைத்துக்கொண்டு வந்தது. கடலிலிருந்து சாய்வாக மழை. பாதையின் இரண்டு பக்கமும் முட்புதர்கள் மஞ்சளாகப் பூத்து நனைந்துகொண்டிருந்தன.

எஃபி முற்றத்தில் பால் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எஃபி, உன் வீட்டுக்காரரக் கூப்பிடு. இத என்னால ஒத்தையில இறக்க முடியாது."

"காலி கேன இறக்க ரெண்டு ஆளா? கெழவனாயிட்டேன்னு வாய்விட்டுச் சொல்லிடுங்க தாம் அண்ணே."

"காலின்னு யாரு சொன்னா? தட்டிப் பாரு."

எஃபி ஈரக் கையால் ஒரு கேனைத் தட்டினாள். கல்லைத் தட்டியது போலிருந்தது. மூடியில் ஈய முத்திரை அப்படியே இருந்தது. அதில் கட்டிய அட்டையில் அவள் கையாலேயே எழுதிய எழுத்து மழையில் ஊறியிருந்தது: 'முதல் தரம். ஊசிச் சோதனையில் தேறிய பசுக்களின் பால்.'

"பிரிக்கக்கூட இல்லியே" என்றாள்.

"ஸ்டேஷன்ல எறக்கி வெச்சுட்டுப் போயிட்டாங்க. ஒரு கடுதாசியும் குடுத்தாங்க. நான் படிக்கல. ஒட்டியிருந்தது" என்றான் தாம். ஒட்டாமல் இருந்திருந்தால் படித்திருப்பான். அதை அவன் மறைப்பதும் இல்லை. அந்த மேட்டில் உள்ள ஏழு பண்ணைகளின் பாலையும் அவன்தான் ரயிலுக்கு ஏற்றுவான். அவனுக்கும் பதினான்கு மாடுகள் உண்டு. முதல் தரப் பால் விற்கும் உரிமம் வாங்கவில்லை. "என் மாட்டுக்கு டாக்டர் வந்து காய்ச்சல் பாக்கறதா? எங்கம்மா சாகக் கெடந்தப்பவே டாக்டர் வரல" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஹியூ வந்தான். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதன். கேன்களை இறக்காமலே கடிதத்தை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனான். தாமும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்னாலேயே போனான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

சமையலறையில் கிரிசல் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஹியூவுக்குப் பன்னிரண்டு வயது மூத்த அக்கா. கல்யாணம் ஆகவில்லை. ஏழு வயதில் முக்காலியில் உட்கார்ந்து கறக்க ஆரம்பித்தவள், ஐம்பது வயதிலும் ஒரு நாளைக்குப் பத்து மாடு கறப்பாள். மேசைக்கடியில் எஃபியின் ஐந்து வயது மகள் மைசி, கழுத்தைச் சுற்றிச் சிவப்புக் கம்பளித் துணியோடு, உருளைக்கிழங்குகளை வரிசையாக நிறுத்தி மாட்டுக்கொட்டில் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஹியூ சத்தமாகவே படித்தான். மார்ச் நான்காம் தேதி வின்பிரே பாலில் மாதிரி எடுக்கப்பட்டது. அதை இரண்டு கினி எலிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். ஒன்று ஐந்தாவது வாரம் இறந்துபோனது. மற்றதை ஆறாவது வாரம் அறுத்துப் பார்த்தார்கள். இரண்டின் உடம்பிலும் காசநோய்க் கட்டிகள் இருந்தன. மந்தையில் ஏதோ ஒரு பசுவின் மடியில் நோய் இருக்கிறது. அது எது என்று தெரியும்வரை உரிமம் நிறுத்தி வைக்கப்படுகிறது. கால்நடை மருத்துவர் புதன்கிழமை வருவார்.

உருளைக்கிழங்கின் தோல் கத்தியிலிருந்து நீளமாகத் தொங்கியது. கிரிசல் அதை அறுக்கவில்லை.

"எலியா?" என்றான் தாம். "ஒரு எலி செத்ததுக்கா இவ்ளோ?"

"ரெண்டு எலி" என்றான் ஹியூ.

"அதுங்க மேலேயே நோய் இருந்திருக்கும். பட்டணத்து எலிதான."



"நம்ம மாட்டுலயா?" என்றாள் எஃபி. "எல்லாம் தேறுச்சே. ஜனவரில பனியில நின்னு, ஒவ்வொண்ணுக்கும் நாலு தடவ காய்ச்சல் பாத்து, எல்லாம் தேறுச்சே."

சுவரில் பீங்கான் அலமாரிக்கு மேலே உரிமம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதற்காக அந்த வீடு பட்ட பாடு கொஞ்சமில்லை. கொட்டிலின் கல்தரையைப் பெயர்த்து சிமென்ட் போட்டார்கள். எட்டு ஜன்னல் வைத்தார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை சுண்ணாம்பு. வாளியும் கேனும் வேகவைக்க நீராவிக் கொதிகலன். கறப்பவர்களுக்கு வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி. முதல் நாள் தொப்பி போட்டுக்கொண்டு போன கிரிசலைப் பார்த்து ரோவன் என்கிற மாடே மிரண்டு வாளியை உதைத்தது என்று ஊரில் இன்னும் சொல்வார்கள். கொட்டில் வாசலில் அவர்கள் அப்பா காலத்திலிருந்து மாடுகளுக்குக் கண்ணேறு படாமலிருக்கச் சிவப்பு நூலில் கட்டித் தொங்கிய மரக்குச்சியை, தூசி அடைகிறது என்று ஆய்வாளர் எடுக்கச் சொன்னார். கிரிசல் எடுத்துவிட்டாள். எறியவில்லை, தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்கெல்லாம் பலனாகத்தான் பால் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போக ஆரம்பித்தது. ஹியூவுக்கு அதில் இருந்த பெருமை விலையில் கிடைத்த உயர்வைவிடப் பெரியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் யாராவது கேட்டால், "எங்க பால் கிளாஸ்கோ புள்ளைங்களுக்குப் போவுது" என்று மட்டும் சொல்வான். காது சிவந்துவிடும்.

"ஆஸ்பத்திரில காய்ச்சித்தான குடுப்பாங்க?" என்று கேட்டாள் கிரிசல். கடிதம் வந்தபின் அவள் பேசிய முதல் வார்த்தை.

ஹியூ கடிதத்தை மடித்தான். "காய்ச்ச வேணாம்னுதாங்கா நம்ம பால வாங்கறாங்க."

தாம் தொப்பியைக் கையில் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். இரண்டு வருஷமாக இந்த வீட்டைக் கிண்டல் செய்தவன். கடைசியில், "கேன இறக்கலாம் வா" என்றான் ஹியூவிடம். அவர்கள் வெளியே போனார்கள். சற்று நேரத்தில் சாணக்குழியில் பால் கொட்டும் சத்தம் கேட்டது. ஐந்து முறை கேட்டது.

*

கடிதம் வந்தது மாடுகளுக்குத் தெரியாது. நான்கு மணிக்கு மடி கனத்து அவை கத்த ஆரம்பித்தன. இருபத்திரண்டு மாடுகளையும் கறந்துதான் ஆக வேண்டும். கறந்து கொட்டத்தான் வேண்டும்.

கறக்கக் கிளம்புவதற்கு முன் எஃபி கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். ஜனவரிச் சோதனையின் அட்டை. முதல் நாள் இரவு ஊசி; மறுநாள் ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று மணிக்குக் காய்ச்சல் அளவு. நோயுள்ள மாடாக இருந்தால் ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் நூற்றிநான்குக்கு மேல் ஏறும், இல்லாததற்கு ஏறாது. சோதனை அவ்வளவுதான்.

"ப்ளூபெல் நூத்தி ரெண்டு. ஜெஸ் நூத்தி ரெண்டரை. இந்த ஜெஸ் மேலதான் எனக்குச் சந்தேகம்" என்று எஃபி விரலை ஓட்டினாள். "இங்க பாருங்க அண்ணி, ரோவன். மதியம் நூறு. மூணு மணிக்கு நூத்தி அரை. இருக்கறதுலயே கொறச்சல் இவதான்."

"ரோவனுக்கு என்ன கொற" என்றாள் கிரிசல்.

"மைசிக்கு வேற எதுலேர்ந்தும் குடுக்காதீங்க. டாக்டர் வந்து பாக்கறவரைக்கும் ரோவனோடது மட்டும் குடுங்க. நமக்குக் கஞ்சிக்குத் தண்ணி ஊத்திக்கலாம்."

"எப்பவும் ரோவனோடதத்தான குடுக்கறேன்."

கறந்து முடித்தபின் மடியில் தங்கும் கடைசிக் கையளவு பால்தான் கெட்டி. அந்தப் பக்கத்தில் இந்தக் கடைசிப் பீச்சலை வாளியில் சேர்க்க மனம் வராது. வீட்டில் யார் மெலிந்திருக்கிறார்களோ அவர்களுக்கு, சூடு ஆறுவதற்குள், கொட்டிலிலேயே கொடுத்துவிடுவார்கள். போன இலையுதிர் காலத்தில் அம்மை போட்டு மைசி எலும்பாகிப் போனாள். அன்றிலிருந்து மாலையில் ஒரு பீங்கான் கோப்பை ரோவனுடைய தீனித் தொட்டிக்கு மேலே ஜன்னல் விளிம்பில் இருக்கும். நீலக் கோடு போட்டது. பிடி உடைந்தது.

கிரிசல் ரோவனின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கறந்தாள். வெள்ளையில் செம்பழுப்புத் திட்டுகளும் மேல்நோக்கி வளைந்த கொம்புகளும் கொண்ட ஒன்பது வயது மாடு. கன்றாக இருந்தபோது தாய் செத்துப்போய், கிரிசலின் விரலைச் சப்பிப் பால் குடிக்கக் கற்றது. மற்ற மாடுகள் சத்தம் கேட்டுத் திரும்பும். ரோவன் இவள் மூச்சுக்கே திரும்பும்.

முன் காம்புகள் இரண்டு. பின் வலது. பின் இடது காம்புக்குக் கை போனதும் வேகம் குறைந்தது. அதற்கு மேலே மடிக்குள் ஒரு கட்டி இருந்தது, பழுக்காத பேரிக்காய் அளவில். அழுத்தினால் மாடு காலை எடுக்காது, வலியில்லை. பாலும் வெள்ளையாகவே வந்தது. பிப்ரவரியில், குளிர்ந்த சிமென்டில் படுத்ததால் வந்தது என்று கிரிசல் நினைத்தாள். வாத்துக் கொழுப்புத் தடவித் தேய்த்தாள். கல் தரையாக இருந்தால் வந்திருக்காது என்று யாரிடமும் சொல்லாமல் புதுத் தரையின் மேல் பழி போட்டாள்.

அன்று மாலையும் அங்கே தேய்த்துவிட்டாள். கோப்பையில் கடைசிப் பாலைப் பீச்சினாள். மைசி இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். மேலுதட்டில் நுரை மீசை வந்தது.

"ரோவனுக்கு நன்றி சொன்னியா?"

"நன்றி ரோவன்."

கறந்த வாளியை வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்த கிரிசல், வேறொரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து மாட்டின் முன் வைத்தாள். எடுத்த கை கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அது அவளாக வைத்துக்கொண்ட சட்டம்.

*

புதன்கிழமை மழை விட்டிருந்தது. கால்நடை மருத்துவர் நினியன் கிராஃபோர்டு சின்ன மோட்டார் காரில் வந்தார். நாற்பது வயது இருக்கும். பெரிய கைகள், எப்போதும் சளி பிடித்த மூக்கு. இந்த மேட்டில் வின்பிரேவுக்கு உரிமம் வாங்க முதலில் சொன்னவரே அவர்தான். எஃபி வாசலில் நின்று, "ஒரு வாய் சூப் குடிச்சிட்டுப் போலாமே டாக்டர்" என்றாள், பழக்கத்தில். வழக்கமாக அதை மறுக்காதவர், "முதல்ல மாட்டப் பாத்துடறேன்மா" என்றார்.

மாடு மாடாகப் பார்த்தார். தாடைக்குக் கீழே கழுத்து முடிச்சுகளை இரண்டு விரலால் நெருடினார். விலாவில் காதை வைத்துக் கேட்டார். குந்தி உட்கார்ந்து மடியின் நான்கு பக்கமும் உள்ளங்கையால் ஏந்திப் பார்த்தார். ஹியூ அட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனான். எஃபி வாசல் நிலையில் சாய்ந்திருந்தாள். மைசி ஒவ்வொரு மாட்டுக்கும் பின்னால் போய், டாக்டர் செய்வதுபோல் ஒரு துடைப்பத்தின் கழுத்தை நெருடிப் பார்த்தாள்.

"ஜெஸ்ஸ நல்லாப் பாருங்க டாக்டர்" என்றாள் எஃபி.

"பாத்தேன். ஜெஸ் நல்லா இருக்கா."

"அப்ப வேற யாரு?"

"பொறுங்க."

பதினேழாவது ரோவன். கிரிசல் முன்னே போய் அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டாள். "இவளப் பாக்க வேண்டியதே இல்ல. சீக்கிரமா முடிங்க, அந்நிய ஆள் தொட்டா இவளுக்குப் பிடிக்காது."

டாக்டர் குந்தி உட்கார்ந்தார். முன் பக்கம். பின் வலது. பின் இடது. அங்கே கை நின்றது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். எழுந்து தாடைக்குக் கீழே தேடினார். திரும்பவும் குந்தினார். மூக்கை உறிஞ்சும் சத்தம்கூட நின்றுவிட்டது.

"கிரிசல். இது எவ்ளோ நாளா இருக்கு?"

"எது?"

"உங்களுக்குத் தெரியும் எதுன்னு. தெனமும் உங்க கைதான படுது."

"அது குளிர்ல வந்தது. சிமென்டுத் தரையில படுத்தா வராதா? வலி ஒண்ணும் இல்ல அவளுக்கு. பால் பாருங்க, சுத்தமா இருக்கு."

"வலி இருக்காது" என்றார் டாக்டர் மெதுவாக. "ஹியூ, அந்த அட்டையக் குடு."

அட்டையை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். தன் பையிலிருந்த நோட்டையும் எடுத்துப் பார்த்தார். "இருக்க முடியாது. பன்னண்டு மணிக்கு நூறு. மூணு மணிக்கு நூத்தி அரை. நானே எழுதினது. இந்த மாட்டுக்குக் காய்ச்சல் நூத்தி நாலு, அஞ்சுன்னு ஏறியிருக்கணும்."

"ஏறுச்சே" என்றாள் கிரிசல்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு மதியத்துக்கு முன்னாடி இவ ஒடம்பு அனலாக் கொதிச்சுது. காத தொட்டா சுட்டுது. நாக்கு வறண்டு போய்ச் சுவர நக்கிட்டு நின்னா, பாவம். நீங்க உள்ள சூப் குடிச்சிட்டிருந்தீங்க. நான் கெணத்துலேர்ந்து ரெண்டு வாளி கொண்டாந்து குடுத்தேன். மேல பனி மெதந்துட்டிருந்துது. ஒரே மூச்சுல குடிச்சா. அப்புறம்தான் நீங்க வந்து பாத்தீங்க. சரியாயிட்டா. மூணு மணிக்கு முன்னாடியும் கொதிச்சுது, இன்னும் ரெண்டு வாளி குடுத்தேன்." அவள் ரோவனின் நெற்றியைத் தடவினாள். அவள் குரலில் பெருமை இருந்தது. "நீங்க ஊசி போட்டுக் காய்ச்சல் வரவெச்சீங்க. நான் தண்ணி குடுத்து எறக்குனேன்."

டாக்டர் நோட்டை மூடவில்லை. கை அதைப் பிடித்தபடியே கீழே தொங்கியது.

"தண்ணி குடுக்கக் கூடாதுன்னு சொன்னேனே."

"இல்ல. மாட்டத் தொட்டிக்கு அவுத்து விடாதீங்கன்னு சொன்னீங்க. ஹியூகிட்ட சொன்னீங்க, அவன் என்கிட்ட சொன்னான். நான் ஒண்ணக்கூட அவுக்கல. வாளியிலதான் குடுத்தேன்."

அந்தப் பண்ணையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது என்றால் தொட்டிக்கு அவிழ்த்து விடுவதுதான். வாளியில் சுமந்து கொடுப்பவள் இவள் ஒருத்தி. அதுவும் கறந்தபின்தான் கொடுப்பாள். அன்று மதியம் யாரும் கறக்கவில்லை.

"குளுந்த தண்ணி உள்ள போனா கொஞ்ச நேரத்துக்குக் காய்ச்சல் எறங்கும்" என்றார் டாக்டர். யாருக்கும் சொல்வதாகத் தெரியவில்லை. "அதுக்குத்தான் சொன்னேன். ஏன்னு சொல்லல. தொட்டின்னு மட்டும் சொன்னேன்." பிறகு, "பன்னண்டு மணிக்குப் பாத்திருக்கணும். பன்னண்டே முக்காலுக்கு வந்தேன். ரெண்டாவது தட்டு சூப் ஊத்தினீங்க எஃபி. வெளிய பனி. நான் உக்காந்துட்டேன். நேரத்த மட்டும் பன்னண்டுன்னு எழுதினேன்."

எஃபி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போனதெல்லாம்..." என்றான் ஹியூ.

"இந்தக் கட்டி எப்ப வந்தது?" என்று கேட்டார் டாக்டர்.

"பிப்ரவரி" என்றாள் கிரிசல். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போதே அவள் முகம் மாறியது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் அவளுக்கு விளங்கிக்கொண்டு வந்ததைப் பார்க்க முடிந்தது. கொம்பிலிருந்து கையை எடுத்தாள். மாடு அந்தக் கையைத் தேடி மூக்கை நீட்டியது.

அந்த நேரத்தில்தான் மைசி துடைப்பத்தைப் போட்டுவிட்டு டாக்டர் முன்னால் வந்து நின்றாள். தனக்கும் முறை வரும் என்று காத்திருந்தவள். "பதினெட்டாவது மாடு நான்தான்" என்று தரையில் கைகளை ஊன்றி நான்கு காலில் நின்றாள். "ம்ம்ம்மா" என்று கத்தினாள். பிறகு, மாடுகள் செய்வதுபோலவே முகவாயைத் தூக்கிக் காட்டினாள். "என்னையும் பாருங்க."

"மைசி, சும்மா இரு" என்றாள் எஃபி.

டாக்டர் அவளைப் பார்க்கவே இல்லை. அவர் பார்வை இன்னும் ரோவன் மேலேயே இருந்தது. ஆனால் காலையிலிருந்து பதினேழு தாடைகளை நெருடிய கை, நீட்டிய பதினெட்டாவது தாடைக்குக் கீழே தானாகப் போனது. சிவப்புக் கம்பளித் துணியைத் தள்ளியது. இரண்டு விரல்கள் காதுக்குக் கீழேயிருந்து முகவாய் வரை நகர்ந்தன.

பாதியில் நின்றன.

அவர் இப்போது குனிந்து குழந்தையைப் பார்த்தார். மடியைத் தொட்டபோது இருந்த அதே முகம்.

"இந்தத் துணி எதுக்குக் கட்டியிருக்கு?"

"காத்து பட்டு வீங்கிடுச்சு" என்றாள் எஃபி. "பல் முளைக்கிற வீக்கம்னும் சொன்னாங்க. ஒரு மாசமா இருக்கு. வலிக்குதான்னு கேட்டா, இல்லன்னுதான் சொல்றா."

வலி இல்லை. அதைச் சொன்ன பிறகுதான் எஃபிக்குத் தன் காதில் விழுந்தது. சற்று முன்பு இதே கொட்டிலில் டாக்டர் சொன்னது.

"இவ யார் பால் குடிக்கிறா?"

மைசிதான் சொன்னாள், நான்கு காலில் நின்றபடியே: "ரோவன் பால். கோப்பைல. நேத்துக்கூட குடிச்சேன்."

டாக்டர் தன் வலது கையைப் பார்த்தார். வாளியில் இருந்த கிருமிநாசினித் தண்ணீரில் அதை முக்கினார். முக்கியபடியே வெகுநேரம் நின்றார்.

"நாளைக்குக் காலையில ஏர் பட்டணத்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நான் கார் கொண்டாரேன்" என்றார் கடைசியில். "நோய் கழுத்து முடிச்சோட நின்னிருந்தா அறுத்து எடுத்துடுவாங்க. நெறைய பேருக்குச் சரியாயிருக்கு."

"நின்னிருந்தான்னா?" என்றாள் எஃபி.

அவர் ஹியூ பக்கம் திரும்பினார். மாட்டை நாளைக்கு வண்டி வந்து கொண்டுபோகும் என்று ஹியூவிடம் சொன்னார். அறுத்துப் பார்த்து எழுத வேண்டும். கூடவே தன்னைப் பற்றியும் எழுதப்போவதாகச் சொன்னார், பன்னிரண்டே முக்கால் என்று. மீதி ஐந்து மாடுகளையும் பார்த்தார். கடைசி மாட்டின் மடியை அவர் பிடித்தபோது ஹியூ அட்டையை எப்போதோ கீழே போட்டிருந்தான்.

எஃபி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறையில் போய் உட்கார்ந்தாள். இறக்கிவிடவில்லை. கிரிசல் வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"எஃபி."

"எதுவும் சொல்லாதீங்க அண்ணி."

"நான் அவ தேறணும்னுதான்..."

"நேத்து யாரு சொன்னா? ரோவனோடத மட்டும் குடுங்கன்னு நான்தான சொன்னேன். அட்டையப் பாத்துச் சொன்னேன்." எஃபி குழந்தையின் தலைக்கு மேலாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே உரிமத்தின் கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து எழுத்துகள் தெரியவில்லை. "டாக்டருக்கு ரெண்டாவது தட்டு சூப் நான்தான் ஊத்தினேன்."

*

நான்கு மணிக்கு மாடுகள் கத்தின.

ஹியூ இருபத்தொரு மாடுகளையும் தானே கறப்பதாகச் சொன்னான். ரோவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கொட்டில் கோடியில், காலியான கன்றுத் தடுப்பில் தனியாகக் கட்டியிருந்தார்கள். நாளைக்குப் போகிற மாடுதான். ஆனாலும் கறக்காமல் விட்டால் ராத்திரி முழுக்க வலிக்கும். கிரிசல் அங்கி போட்டாள். தொப்பி போட்டாள். முக்காலியை எடுத்துக்கொண்டு போனாள்.

நெற்றியை அதன் வயிற்றில் முட்டுக்கொடுத்தாள். மாடு திரும்பி அவளை முகர்ந்தது. வழக்கம்போலப் பால் விட்டது. நல்ல பால்தான். வெள்ளையாக, நுரையோடு, வாளியின் அடியில் முதலில் கூராகவும் பிறகு மெத்தென்றும் சத்தம் போட்டது. முன் காம்புகள் இரண்டு. பின் வலது. பின் இடது. கிரிசல் கண்ணை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடம் போகாத அவளுடைய விரல்களுக்குப் படிக்கத் தெரிந்தது மடி ஒன்றுதான். அதிலும் இரண்டு மாதமாகத் தினமும் இரண்டு வேளை தொட்டும் ஒரு வார்த்தை தெரியாமல் போயிருக்கிறது. கிளாஸ்கோவில் எத்தனை கட்டில் இருக்கும், ஒரு கட்டிலுக்கு எத்தனை கோப்பை என்று நினைக்கப் பார்த்தாள். அவளுக்கு ஒரே ஒரு கோப்பைதான் நினைவில் வந்தது.

வாளியைக் கொண்டுபோய்க் குழியில் கொட்டி மேலே சுண்ணாம்பு தூவினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மடி தளர்ந்திருந்தது. அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதையும் எடுத்துவிட்டால் மாட்டுக்கு நிம்மதி. கறந்தாள். கறந்துகொண்டே நாளை வரும் வண்டியை நினைத்தாள், அதில் ஏற ரோவன் முரண்டு பிடிக்குமா, தான் கூடப் போனால் பேசாமல் ஏறுமா என்று. கிணற்றுத் தண்ணீர் ஒரு வாளி இன்னும் கொடுக்கவில்லை என்றும் நினைத்தாள்.

இடது கையில் ஏதோ சூடாக இருந்தது.

குனிந்து பார்த்தாள். நீலக் கோடு போட்ட, பிடி உடைந்த கோப்பை. ஜன்னல் விளிம்பிலிருந்து அதை எப்போது எடுத்துவந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. விளிம்பு வரை நிறைந்து, மஞ்சள் தட்டிய கெட்டிப் பால், மேலே நுரையோடு.

கொட்டில் வாசலில் சின்ன மரச்செருப்புச் சத்தம் கேட்டது. மைசி அம்மாவின் மடியிலிருந்து எப்படியோ இறங்கி வந்திருந்தாள். கழுத்தில் துணி இல்லை. தினமும் வந்து நிற்கிற இடத்தில், தினமும் நீட்டுவதுபோல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்குப் பால் இல்லடி, கண்ணு" என்றாள் கிரிசல்.

குழந்தை அவளை ஆச்சரியமாகப் பார்த்தது.

"கையிலதான இருக்கு, அத்தை."